ஜே.ஆர்.எஃப்.: தொகையும் தேதியும்

முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர் ஐந்து ஆண்டுகளுக்கு எதை வைத்துச் சாப்பிடுவார் என்ற கேள்விக்கு இந்தியா கண்ட பதில்களில் உருப்படியானது ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் முன்வரிசையில் தேறியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். சீனியராக உயர்ந்தபின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், களப்பயணம் போன்றவற்றுக்குக் கான்டின்ஜென்சி என்று ஆண்டுக்கு ஒரு தொகையும் உண்டு. எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் தொகையின் அளவைவிட அது யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. கைடு வாங்கிவந்த ப்ராஜெக்ட்டில் வேலை பார்க்கும் ஆய்வாளருக்குச் சம்பளமும் தலைப்பும் கைடு கையில். ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்குப் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. தலைப்பைத் தானே தேர்ந்தெடுக்கவும், ஒத்துவராத நெறியாளரிடமிருந்து விலகவும் அவருக்குக் கொஞ்சம் துணிச்சல் கிடைக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பெண்ணுக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல். “இன்னும் எத்தனை வருஷம் படிப்பே? எப்ப சம்பாதிப்பே?” என்ற கேள்விக்கு அவள் தன் பாஸ்புக்கைக் காட்டலாம். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அதைவிட வலுவான ஆதாரம் அந்த வீட்டில் எடுபடாது. இந்தப் பணத்தை வீண்செலவு என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

ஆனால் இந்த வாசல் மிகக் குறுகலானது. 2024 ஜூன் பருவத்துக்கான நெட் தேர்வை முதலில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முறைகேட்டுச் சந்தேகத்தால் மறுநாளே அது ரத்தானது. மறுதேர்வை எழுதிய 6,84,224 பேரில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தது 4,970 பேருக்கு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரையும், வாய்மொழி வழக்காறுகளைத் தேடி ஊர் ஊராகப் போகக்கூடியவரையும் இந்தத் தேர்வால் இனம்காண முடியாது. நினைவாற்றலையும் பயிற்சி மையத்துக்குக் கட்ட முடிந்த கட்டணத்தையும்தான் அது பெரிதும் அளக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 30 வயது வரம்பு. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டென்றாலும், குடும்பத்துக்காகச் சில காலம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்புபவருக்கு அது போதாமல் போகலாம்.

தேர்வில் தவறியவர்கள் என்ன செய்வார்கள்? மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவருக்கு ‘நான்-நெட்’ என்ற பெயரில் மாதம் 8,000 ரூபாய் வருகிறது. 2012-இல் நிர்ணயித்த தொகை அது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தபோது, டெல்லியில் அதன் அலுவலக வாசலில் மாணவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடித்தான் அதைக் காப்பாற்றினார்கள். இதே நாட்டில், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் அறிவியலும் தொழில்நுட்பமும் ஆராய்பவர்களுக்குப் பிரதமர் ஆய்வு உதவித்தொகையாக மாதம் 70,000 முதல் 80,000 ரூபாய் வரை கிடைக்கிறது. எட்டாயிரத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை எந்தத் தகுதி வேறுபாட்டைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு அந்த எட்டாயிரமும் இல்லை. தமிழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களில் பெரும்பாலோர் படிப்பதோ அங்கேதான். தமிழக அரசு முதலமைச்சர் ஆய்வு உதவித்தொகை என்று ஒன்றைக் கொண்டுவந்திருப்பது வரவேற்கத்தக்கது. அங்கும் வாசலில் நிற்பது ஒரு தகுதித் தேர்வுதான்.

கல்விக் கடன் இந்த உதவித்தொகைக்கு மாற்றாகாது. எம்.பி.ஏ. முடித்தவர் வேலைக்குப் போய் அடைப்பார். சங்க இலக்கியத்தில் ஆய்வு முடித்துக் கௌரவ விரிவுரையாளர் பணிக்குக் காத்திருப்பவர் எதைக் கொண்டு தவணை கட்டுவார்?

இனி வருவதுதான் இந்த முறையின் ஆழமான பழுது: பணம் வரும் தேதி. ஒவ்வொரு மாதமும் ஆய்வாளர் பணியில் இருக்கிறார் என்று துறையில் கையெழுத்தாக வேண்டும். பிறகு பல்கலைக்கழகத்தில் ‘மேக்கர்’ என்ற பொறுப்பில் இருப்பவர் இணையதளத்தில் பதிய, ‘செக்கர்’ ஒப்புதல் தர வேண்டும். இதில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் போயிற்று. அதைத் தாண்டினால், டெல்லியிலிருந்து நிதி விடுவிக்கத் தாமதம். மூன்று மாதம், ஐந்து மாதம் எனக் காத்திருந்து மொத்தமாக அரியர் வாங்குவது ஆய்வாளர்களுக்குப் பழகிப்போன கதை. கணக்கில் ஒரு ரூபாயும் குறைந்திருக்காது. ஆனால் அந்த ஐந்து மாதத்துக்கு வாடகையும் மெஸ் பில்லும் யார் கொடுத்தது? அப்பாவிடம் பணம் இருப்பவர் தாக்குப்பிடிப்பார். இல்லாதவர் நண்பரிடம் கைநீட்டுவார், நகையை அடகு வைப்பார், ட்யூஷன் எடுப்பார், களப்பணியைத் தள்ளிப்போடுவார். குடும்பச் செல்வத்தின் பிடியிலிருந்து படிப்பை விடுவிக்க வந்த உதவித்தொகை, தாமதத்தால் ஆய்வாளரை மறுபடியும் அதே குடும்பத்திடம் அனுப்பி வைக்கிறது.

நடுவழியில் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையே சான்று. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அடுத்து லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவிக்காலம் முடிந்துவிட, 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பாதேனா கொடுத்த கடனும் சேர்ந்துதான் 1920-இல் அவரை மீண்டும் லண்டனுக்குக் கப்பலேற்றின. அவருக்கே மூன்று ஆண்டுகள் போயின. அப்படிக் கைகொடுக்க யாரும் அமையாமல் ஆய்வை விட்டுப் போனவர்களின் பெயர் எந்த நூலிலும் இருக்காது.

தொகை உயர்வுக்காக ஆய்வாளர்கள் அடிக்கடி தெருவுக்கு வந்திருக்கிறார்கள். 2018-இல் நாடெங்கும் குரலெழுப்பிய பிறகே 2019-இல் 25,000 ரூபாய் 31,000 ஆனது. 37,000 ஆக 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு ஊழியரின் அகவிலைப்படி போல இதையும் விலைவாசியோடு பிணைத்துவிட்டால் இந்தப் போராட்டங்களுக்கே வேலை இருக்காது. அதைவிட அவசரமானது, ஆறு மாதத் தொகையைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, மாதம் பிறந்ததும் கணக்கில் சேரச் செய்வது. பேராசிரியர்களின் சம்பளம் பொதுவாக மாதாமாதம் போய்ச் சேருகிறது. ஆய்வாளருக்கு மட்டும் அது முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில், எத்தனை ஆய்வாளர்களுக்கு எத்தனை மாதத் தொகை நிலுவையில் இருக்கிறது என்று பல்கலைக்கழக வாரியாகக் கணக்குக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் தன் பெயர் வருமென்றால் பல்கலைக்கழகமும் கோப்பை அன்றன்றே நகர்த்தும்.