நேராக நிற்கும் ஸ்டட்

இன்ஜின் ஹெட்டோடு சைலன்சர் மேனிஃபோல்டைச் சேர்த்துப் பிடித்திருப்பவை விரல் நீளமே உள்ள சில ஸ்டட்டுகள். இரு முனையிலும் மரை வெட்டிய எஃகுத் தண்டு. ஒரு முனை ஹெட்டுக்குள் இறங்கி நிற்கும், மறுமுனையில் நட்டு ஏறும். இதில் பழுது வந்தால் பட்டறையில் 'மரை போச்சு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த மரையை மீட்டெடுப்பது பழைய கார் வேலைகளிலேயே மிக நுட்பமான கைவேலை.

மரை எப்படிப் போகிறது என்பதை மலைப்பாதையில் பார்க்கலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தை விட்டுக் கிளம்பும் வண்டி 1,500 மீட்டருக்கு மேல் போய்ச் சேர வேண்டும். பழைய அம்பாசடரோ பத்மினியோ வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, முழு மூச்சில் ஏறும், மேனிஃபோல்டு கொதிக்கும். மேலே பனிமூட்டமும் சாரலும் காத்திருக்கும். திரும்பி இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் படுவதே குறைவு என்பதால் அதே இரும்பு சட்டென்று குளிரும். தலைச்சோலைப் பக்கத்துச் சேர்வராயன் மலை ஊர்களுக்கும் காபித் தோட்டங்களுக்கும் போய்வரும் வண்டிக்கு இது வாடிக்கை. விரிந்து சுருங்கும் மேனிஃபோல்டு ஒவ்வொரு முறையும் ஸ்டட்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கிறது. ஈரம் துருவைக் கொண்டுவருகிறது. 'இன்னும் ஒரு சுற்று' என்று ஸ்பேனரை அழுத்தும் கை மிச்சத்தை முடித்துவைக்கிறது.

இரண்டு கார்களும் ஒரே மாதிரி பழுதாவதில்லை. அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசையைச் சேர்ந்தது; அதன் ஹெட்டு வார்ப்பிரும்பு. சூட்டில் வார்ப்பிரும்பும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். துரு இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும். அதனால் அங்கே மரை தாங்கிக்கொள்ளும், ஸ்டட் முறியும். ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினியின் 1,089 சி.சி. இன்ஜினுக்கு அலுமினிய ஹெட்டு. அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும், மென்மையான உலோகமும்கூட. அங்கே ஸ்டட் முழுசாக இருக்கும். ஹெட்டின் மரைதான் சுருள் சுருளாக உரிந்து அதோடு வெளியே வரும்.

பழுதைக் காதே முதலில் சொல்லிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டப் டப்' என்று ஒரு மெல்லிய சத்தம். சூடேறி உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டதும் அது குறையும். பேக்கிங் ஓரத்தில் கரிக்கோடு விழுந்திருக்கும். வண்டிக்குள் புகை வரத் தொடங்கினால் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதில் அவசரம்தான் முதல் எதிரி. துருவில் ஊறும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வைப்பார்கள். முனை கொஞ்சம் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் போடுவது அருமையான வழி. வெல்டிங் சூட்டில் துருவின் பிடி விடும், பிடித்துத் திருகத் தலையும் கிடைக்கும். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பத்மினி ஹெட்டுக்கும் இது பொருந்தும். முனை வெளியே தெரியாமல் முகப்போடு முறிந்திருந்தால் அரம் போட்டுச் சமமாக்கி, நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, சிறிய டிரில் பிட்டில் தொடங்க வேண்டும். 'ஈஸி அவுட்' என்ற கருவி பெயரில்தான் எளிது. கடினமாக்கிய எஃகில் செய்த அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட்டு அதைத் தொடக்கூட முடியாது.

மரை லேசாகத்தான் நசுங்கியிருக்கிறது என்றால் மரை வெட்டும் டேப்பை விட்டுச் சுத்தம் செய்வதே போதும். மொத்தமாகப் போயிருந்தால் துளையைப் பெரிதாக்கியே தீர வேண்டும். கைத்திறன் தெரியும் இடம் இதுதான். பிட்டு ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஸ்டட் சாய்ந்து நிற்கும், மேனிஃபோல்டு ஏறாது. தேர்ந்த கை, நல்ல ஸ்டட்டுகளில் ஒரு கனமான பிளேட்டை மாட்டி, அதன் துளையில் லேத்தில் கடைந்த புஷ்ஷை வைத்து அதன் வழியாக டிரில் விடும். அந்த வசதி இல்லாதவர் இரண்டு மூலைமட்டங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் கண்ணால் அளந்துகொண்டே இறக்குவார். ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டில் ஒட்டுநாடா சுற்றியிருக்கும். அதைத் தாண்டினால் தண்ணீர் போகும் வழி உடைபடலாம். எக்ஸாஸ்ட் வாயில் துணி அடைத்திருக்கும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு வெட்டுவார்கள். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம், அது பொடியாக உதிரும். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நகர்த்த வேண்டும். பின்னே வரும்போது சில்லு 'நறுக்'கென்று அறுபடுவது உள்ளங்கையில் தெரியும். அந்த உணர்வு இல்லாமல் திருகுபவரிடம் டேப்பைக் கொடுக்கக் கூடாது.

பெரிதாக்கிய துளைக்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று லேத்தில் கடையும் ஸ்டெப் ஸ்டட்: ஹெட்டுப் பக்கம் தடிமன் கூடியது, நட்டுப் பக்கம் பழைய அளவு. வார்ப்பிரும்புக்கு இது கச்சிதம். மற்றொன்று ஹெலிகாயில், அதாவது சாய்சதுர வெட்டுமுகமுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள். 8 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 8.3 மி.மீ. துளையிட்டு, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, சுருளை முகப்புக்குக் கால் சுற்றாவது கீழே இருக்கும்படி இறக்க வேண்டும். பிறகு அடியிலுள்ள சிறு நாக்கைத் தட்டி முறித்து, சாமணத்தால் எடுத்துவிட வேண்டும். துளையைவிடச் சற்றே பெரிதான சுருள் விரிய முயன்றபடியே சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பாரத்தை எல்லாச் சுற்றுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அலுமினிய ஹெட்டில் இந்த மரை பழைய மரையைவிட உறுதியானது. இரும்புக் கம்பியைச் சுற்றித் திணிப்பதும் இரும்புப் பசையை அடைப்பதும் முதல் மலை ஏற்றத்திலேயே கைவிட்டுவிடும்.

மாட்டும்போது புதிய பேக்கிங், செம்பு கிரீஸ், பித்தளை நட்டு. பித்தளை துருப்பிடித்து ஒட்டாது. மிஞ்சிப் போனால் தன் மரையைக் கொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய் இறுக்க வேண்டும். பி-வரிசை இன்ஜினையே கொண்ட எம்.ஜி.பி. காருக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 15 பவுண்டு-அடிதான். பலம் காட்ட இங்கே இடமில்லை. ஒருமுறை சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது.

வேலையின் தரத்தை மாட்டும்போதே பார்த்துவிடலாம். நல்ல வேலையில் மேனிஃபோல்டு எல்லா ஸ்டட்டிலும் தட்டாமல் தானாகவே போய் உட்காரும். நட்டு அடிவரை விரலால் ஏறும். பத்து வருஷம் கழித்து அதே நட்டு சாதாரண ரிங் ஸ்பேனருக்கே கழன்று வரும்.