சுமக்கும் மரம்: கேம்பிரிட்ஜ் பள்ளிவாசலை முன்வைத்து

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்குப் பேரீச்ச அடிமரங்களே தூண்கள். அதன் மட்டைகளே கூரை. அவற்றுள் ஒன்றில் சாய்ந்து நின்று உரை நிகழ்த்தி வந்த அவர்களுக்கு மரத்தால் மிம்பர் செய்யப்பட்டபோது, பிரிவு தாளாமல் அந்த அடிமரம் விம்மியதும், அவர்கள் இறங்கி வந்து அதைத் தேற்றியதும் புகாரி வழியாக வாசகர்கள் அறிந்த செய்தி. இச்செய்தியில் மரம் இருவகையாக வருகிறது. ஒன்று, வளர்ந்தபடியே நின்று பாரம் சுமக்கும் மரம். மற்றொன்று, தச்சரின் கைபட்டு இழைக்கப்பட்ட மரம். பின்வந்த நூற்றாண்டுகளில் நம் கலைமரபு பெரிதும் போற்றியது இரண்டாவதைத்தான். கதவு, சாளரப் பின்னல், மிம்பர் என மரம் நுண்கலைக்கு உரியதாயிற்று. பாரம் கல்லுக்கும் செங்கல்லுக்கும் போயிற்று.

விதிவிலக்குகள் உண்டு. அனத்தோலியாவில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெய்ஷெஹிரில் எழுந்த எஷ்ரெஃபோக்லு பள்ளிவாசலின் கூரையை முழுமரத் தூண்களே தாங்குகின்றன. அதனையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு நான்கு பள்ளிவாசல்களையும் யுனெஸ்கோ 2023இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மில் சாலையில் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட பள்ளிவாசலை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே தகும் என்பது என் எண்ணம். அப்துல் ஹகீம் முராத் முன்னின்று நடத்திய இத்திட்டத்தை, லண்டன் ஐ என்னும் இராட்சத இராட்டினத்தை வடிவமைத்த மார்க்ஸ் பார்ஃபீல்டு நிறுவனம் வரைந்தது. இஸ்லாமிய வடிவியலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கீத் கிரிட்ச்லோ இதன் கணக்குகளுக்கு வழிகாட்டினார். ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் மெல்லிய பலகைகளை அடுக்கி, பசையிட்டு, வளைத்து உருவாக்கிய விலா எலும்புகள் போன்ற பகுதிகள் தரையில் ஒரு கட்டாகச் சேர்ந்து தூணாகின்றன. மேலே செல்லச் செல்ல அவை விரிந்து, பக்கத்துத் தூணின் கிளைகளோடு பின்னி, எண்கோண வலையாகக் கூரையைத் தாங்குகின்றன. தூண் எங்கே முடிந்தது, கூரை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. தூண்களுக்கு நேர் மேலே வட்டச் சாளரங்கள் திறந்திருப்பதால், மரத்தின் உச்சியிலிருந்து வெளிச்சம் இறங்குவதுபோல் பகலொளி வருகிறது.

அதே நகரின் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் விசிறிக் கூரையோடு இதனை ஒப்பிடாதவர் இல்லை. ஒப்பீடு பிழையன்று, ஆனால் அளவுக்கு மீறிச் சொல்லப்பட்டுவிட்டது. முழுமரம் தன் இயல்பால் நேராகத்தான் நிற்கும். பலகையாகப் பிளந்து மீண்டும் ஒட்டிய மரமோ வடிவியல் கேட்கும் வளைவுக்கெல்லாம் இசைகிறது. சுவரில் ஒட்டிய அலங்காரமாக நாம் காணப் பழகிய கோலம் இங்கே பாரம் சுமக்கிறது; அதை உரித்தெடுத்தால் கூரையே இறங்கிவிடும். இந்தக் கட்டடத்தின் புதுமையை நான் இதில்தான் காண்கிறேன்.

இயந்திரம் அறுத்த மரத்தில் கலை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ப்ளூமர்-லேமான் தொழிற்கூடத்தில் கணினி இயக்கும் இயந்திரங்களே இந்த மரங்களைச் செதுக்கின. இக்கேள்விக்கு அல்-அக்ஸாவின் மிம்பரைக் கொண்டு விடை தேடலாம். நூருத்தீன் ஸன்கி ஹலபில் செய்வித்து, ஸலாஹுத்தீன் ஜெரூசலத்தில் நிறுவிய அந்த மிம்பர் 1969 ஆகஸ்டில் தீக்கிரையானது. ஆணியும் பசையும் இன்றி, ஒன்றன் விளிம்பு மற்றதன் காடிக்குள் புக, ஆயிரமாயிரம் துண்டுகள் கோத்த வேலை அது. அதை மீண்டும் செய்யப் புகுந்தபோது கைத்திறனுக்கு முன்னே தேட வேண்டியிருந்தது அதன் கணக்கைத்தான். கோலத்தின் இலக்கணம் பிடிபட்ட பிறகே உளிக்கு வேலை வந்தது. புதிய மிம்பர் 2007இல் அதன் இடம் சேர்ந்தது. ஆகவே கணக்கு முன், கை பின் என்பது நம் மரபுக்கு அந்நியமன்று.

என் குறை வேறு. ஜோர்தானில் அந்த மிம்பருக்காகப் பல நாட்டுத் தச்சர்கள் கூடி உழைத்தார்கள். கற்றது அவர்கள் கைகளில் தங்கியது. கேம்பிரிட்ஜின் அறிவோ ஒரு தொழிற்கூடத்தின் கணினிக் கோப்புகளில் இருக்கிறது. நாளை ஒரு விலா பழுதுற்றால் உள்ளூர்த் தச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

தூண்களுக்கு நடுவே ஸஃப்பு முறிவதை ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் விரும்பியதில்லை. தூணற்ற மண்டபமே வேண்டும் என்று நம்மூர்ப் பள்ளி நிர்வாகிகள் கேட்பதற்கும் அது ஒரு காரணம். காங்கிரீட்டும் எஃகும் அதை எளிதில் தந்துவிடுகின்றன. ஆனால் அப்படி எழுந்த கூடங்கள் பலவற்றுக்குத் திருமண மண்டபத்தின் முகம் வந்துவிட்டதை மறுக்க முடியுமா? ஏறத்தாழ ஆயிரம் பேர் தொழும் இடத்தில் தூண்களை வைத்துக்கொள்ளத் துணிந்தவர்கள், அவற்றின் அடியை ஒடுக்கி, விரிவையெல்லாம் தலைக்கு மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். சிக்கல் முழுவதும் தீரவில்லை எனினும் அதைக் காணாததுபோல் விட்டுவிடவில்லை.

வெளிச்சுவர்களும் உண்மையில் மரமே: பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய கனத்த பாளங்கள். அவற்றின்மேல் செங்கல் ஓடுகளைப் போர்த்தி, இறைவன் ஒருவன் என்னும் வாசகத்தைச் சதுரக் கூஃபி எழுத்தில் பதித்திருக்கிறார்கள். மரத்தை மறைத்தது பொய்யில்லையா? செங்கல் வீடுகள் நிரம்பிய தெருவில் அண்டை வீட்டாரின் உடையை அணிந்துகொண்டதாகவே எனக்குப் படுகிறது. முகப்பு மண்டபத்தில் மரத்தூண்கள் வெளியிலேயே நிற்பதால் வழிப்போக்கரிடம் எதையும் ஒளித்ததாகவும் இல்லை. ஆனால் அந்தப் பொன்னிறக் குவிமாடம்? மரங்களே கூரையைச் சுமந்துவிட்ட பிறகு அதற்கு அங்கே வேலை ஏதுமில்லை. பள்ளிவாசல் என்றால் குவிமாடம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்காக அது வைக்கப்பட்டிருக்கிறது.