பீடமும் மருமகனும்

நயினாதீவே மணிமேகலை கூறும் மணிபல்லவமா, மகாவம்சம் கூறும் நாகதீபமா என்ற விவாதத்தில் இரு நூல்களும் காணி உறுதிகளைப் போலவே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. தீவு யாருக்குரியது என வினவியோர், கதையில் வரும் பீடம் எவ்வழியில் உரிமையாயிற்று என்பதை அதிகம் நோக்கினாரல்லர்.

மகாவம்சம் அதனைத் தெளிவாகவே சொல்கிறது. மணிப்பீடத்துக்காகப் பொருதிய மகோதரனும் சூளோதரனும் தாய்மாமனும் மருமகனுமாவர். பாட்டன் பீடத்தைத் தன் மகளுக்குக் கொடுத்து இறந்தான். தாய்வழி உரிமை கோருகிறான் அவள் மகன். கல்யாணியிலிருந்து அப்போருக்கு வந்த மணியக்கிகனும் மகோதரனுக்குத் தாய்மாமனே. சீதனக் காணி வழக்குகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து வாசகனுக்கு இதில் விளக்கவேண்டியது எதுவுமில்லை. மணிமேகலையோ இருவரையும் நாகநாட்டு மன்னர் என்ற அளவில் நிறுத்தி, மாமன் மருமகன் உறவைக் கூறாது விடுகிறது. பற்றறுக்கப் போதிக்கும் காப்பியத்துக்கு மன்னரின் பற்றே போதுமாயிருந்தது. அப்பற்றின் உறவுமுறை வேண்டியிருக்கவில்லை. இவ்விடத்தில் துறவியர் இயற்றிய வரலாற்றேடே உலகியலை நன்கறிந்திருக்கிறது எனலாம்.

மணவாழ்வை விலக்கிய சமய நிறுவனம் சொத்தை விலக்காதவிடத்து, மகன் நிற்கவேண்டிய இடத்தில் மருமகன் வந்து நிற்கிறான். 1455இல் பாப்பரசரான மூன்றாம் கலிஸ்துஸ், அடுத்த ஆண்டே தம் சகோதரியின் மகன் ரொட்ரிகோ போர்ஜாவைக் கர்தினாலாக்கினார். 1492இல் ஆறாம் அலெக்சாண்டர் எனப் பாப்பரசரானவர் அவரே. மருமகனாக ஏறியவர் 1493இல் தம் மகன் சேசாரேயைக் கர்தினாலாக்கினார். நான்காம் சிக்ஸ்துஸ் 1471இல் உயர்த்திய சகோதரன் மகன் 1503இல் இரண்டாம் யூலியுஸ் ஆனார். (நாம் மருமகன், பெறாமகன் எனப் பிரித்தறிவதை இத்தாலியர் ‘நிப்போத்தே’ என்ற ஒரே சொல்லில் அடக்குவர், உறவினர்க்குச் சலுகை காட்டலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அதிலிருந்து பிறந்ததே.) இவ்வழக்கைப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் 1692இல் ஆணையிட்டுத் தடுக்கும்வரை ரோமாபுரியின் நிலமும் மாளிகையும் இவ்வாறே குடும்பங்களைச் சென்றடைந்தன.

இதனைக் கத்தோலிக்கத்தின் தனிக்குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1753இல் தோன்றிய சியம் நிக்காயத்தின் விகாரைகள் சிலவற்றில் ‘சிவுறு பரம்பரை’ என்னும் மரபு வழங்கியது. விகாராதிபதியின் உறவினனே துவராடை பெற்று அவர்பின் விகாரையையும் அதன் நிலங்களையும் ஏற்பான். நீதிமன்றங்களும் அதனை ஒரு வாரிசுமுறையாக ஏற்றன. மகாவம்சத்தைப் போற்றிய சங்கத்திலேயே இது நிகழ்ந்தமை கருதற்பாலது.

ஏனெனில் அந்நூலின் புத்தர் மாமன் வழக்கையும் தீர்க்கவில்லை, மருமகன் வழக்கையும் தீர்க்கவில்லை. பீடத்தைத் தாம் ஏற்று அமர்ந்தபின், வழிபாட்டுக்குரியதாக அதனை நாகமன்னர்க்குப் பொதுவில் விட்டுச் செல்கிறார்.