பட்டும் உயிரிரக்கமும்: ஒரு திறனாய்வு

தமிழ் உரைநடையில் உயிரிரக்கத்தைப் பற்றி எழுந்த நூல்களுள் இராமலிங்க அடிகளார் (1823–1874) இயற்றிய 'சீவகாருண்ய ஒழுக்கம்' தலையாயது என்பதில் ஐயமில்லை. நம் இறையியற் கல்லூரிகளில் பிற சமய ஆய்வு வகுப்பில் அதனை ஒரு நாள் தொட்டுவிட்டு மேலே செல்வது வழக்கமாகிவிட்டது. இன்று அந்நூலை மீண்டும் கையிலெடுக்க வேண்டிய தேவை எழுந்துள்ளது. இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தேன், தோல், பட்டு ஆகிய அனைத்தையும் விலக்கி வாழும் ஒழுக்கம் ஒன்று 'வீகன்' என்ற பெயரால் நம் நகரங்களில் பரவி வருகிறது. 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர் நண்பர் சிலரும் ஒரு சங்கம் நிறுவி அதற்கு இப்பெயரை இட்டனர். தமிழில் 'நனிசைவம்' என்கின்றனர். நம் சபை இளைஞர் சிலரும் இதனை மேற்கொண்டு, ஆயர்களிடம் வினாக்களுடன் வருகின்றனர். ரோமர் 14ஆம் அதிகாரத்தைக் காட்டி, உண்பவனும் உண்ணாதவனும் ஒருவரையொருவர் குற்றப்படுத்தக் கூடாது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் கேட்பது அதுவன்று.

அடிகளாரின் நூலை இவ்வினாவுக்குத் துணையாகக் கொண்டு நாம் இங்கு ஆராய விழைகிறோம். ஆராய்ச்சிக்கு உரைகல்லாக உணவை வைக்காமல் பட்டை வைக்கிறோம். அதற்குரிய இடம் வேலூருக்கும் ஆரணிக்கும் இடையிலுள்ள கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு என்று புகழ்பெற்ற சேலைகள் நெய்யப்படும் வட்டாரம் அது.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று உயிர்களுக்கு நேரும் இடர்களை அடிகளார் வகைப்படுத்துகிறார். அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே தலையான கடமை என்று நிறுவுகிறார். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதே அவருடைய பெருமை. விலங்கின்மேல் இரங்குகிறவன் பசித்த மனிதனைக் கடந்து போகலாம். பசித்தவனுக்குச் சோறிடுகிறவன் ஆட்டின் கண்ணீரைக் காணாதிருக்கலாம். அடிகளார் இரண்டுக்கும் இடமளிக்கவில்லை. 1867இல் வடலூரில் அவர் மூட்டிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாதிருக்கிறது. வந்தவர் யாராயினும் இலை போடப்படுகிறது. நம் மறையியல் நூல்கள் பலவற்றுக்கு இத்தகைய அடுப்பு இல்லை என்பதை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாவரங்களும் உயிர்கள்தாமே என்ற எதிர்வாதத்தையும் அவர் விடாமல் எடுத்துப் பேசுகிறார். தாவரத்தில் உயிர் விளக்கம் குறைவு. விதை, காய், கனி, இலை முதலியன நம் உடலின் நகமும் மயிரும் போன்றவை. அவற்றைக் கொள்வதால் உயிர்க்கொலை நேராது என்பது அவர் விடை. அக்காலத்து அறிவுக்குள் நின்று தந்த விடையாயினும், வினாவை மறைக்காத நேர்மை அதில் இருக்கிறது.

குறையும் உண்டு. கொலையையும் புலையையும் தவிர்த்தோர் அகவினத்தார், தவிர்க்காதோர் புறவினத்தார் என்று அடிகளாரின் போதனை மாந்தரைப் பிரிக்கிறது. புறவினத்தாருக்குப் பசி நீக்கலாம். அதற்குமேல் உறவு இல்லை. 1872இல் எழுந்த சத்திய ஞானசபையின் வாயிலிலும் புலால் தவிர்த்தவரே உட்புகலாம் என்ற விதி உண்டு. சாலையின் கதவு எல்லாருக்கும் திறந்தது, சபையின் கதவு சிலருக்கே. நற்செய்தி நூல்களில் ஆண்டவர் ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியமர்ந்ததையும், அப்போஸ்தலர் 10இல் பேதுரு கண்ட தரிசனத்தையும் அறிந்த நாம் இவ்விடத்தில் அடிகளாரோடு இசைய இயலாது. நம் திருவிருந்து மேசைக்கும் வேலிகள் உண்டே என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே.

இப்பிரிவினை தமிழ் மண்ணில் வெறும் கோட்பாடாக நின்றுவிடவில்லை. இங்குப் புலாலுண்ணாமைக்கு வழங்கும் பெயரே சைவம்; ஒரு சமயத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. அவ்வுணவு மேற்சாதியின் அடையாளமும் ஆயிற்று. மாட்டிறைச்சி உண்டோர் என்று சொல்லி ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்தே வேலூர், ஆரணி வட்டாரத் திருச்சபையின் பெரும்பகுதி எழுந்தது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டாமை பற்றிய நூலில் மாட்டிறைச்சியையே தீண்டாமையின் வேராகக் காட்டி வாதிட்டார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டோர் சமைத்ததை உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியதும் இப்பின்னணியிலேயே. ஆகவே நம் சபையில் ஒருவர் 'இறைச்சியை விடுங்கள்' என்று சொல்லும்போது, கேட்பவர் செவியில் 'நீ அசுத்தன்' என்ற பழைய ஒலியே முதலில் விழுகிறது. இதனை அறியாமல் பேசும் ஆயர், தம் நல்லெண்ணத்தாலேயே ஒரு காயத்தை மீண்டும் கீறிவிடுவார்.

அப்படியாயின் உயிரிரக்கத்தையும் தீட்டுக்கோட்பாட்டையும் பிரித்தறிவது எவ்வாறு? இங்குதான் பட்டு நமக்கு உதவுகிறது. தீட்டுக்கோட்பாட்டின்படி பட்டு மிகத் தூயது. மடி காக்க நினைப்பவர் பருத்தியினும் பட்டையே சிறப்பாகக் கொள்கின்றனர். பூசைக்குப் பட்டு, மணவறைக்குப் பட்டு. ஆனால் உயிரிரக்கத்தின் அளவுகோலால் நோக்கினால், நம் வீட்டிலுள்ள துணிகளில் இதைப்போல் உயிர்ப்பலி கொண்டது வேறொன்றில்லை. முசுக்கொட்டை எனப்படும் மல்பெரி இலையை ஏறக்குறைய நான்கு வாரம் தின்று வளர்ந்த புழு, தன் வாயினின்று ஒரே இழையை உமிழ்ந்து கூடு கட்டுகிறது. அவ்விழை ஒரு கிலோமீட்டர் வரை நீளும். உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளிவருமுன், நீராவியிலோ வெப்பக் காற்றிலோ கூட்டோடு அதனைக் கொன்றுவிடுகின்றனர். பூச்சி துளைத்து வெளியேறினால் இழை அறுபடும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ கூடுகள் தேவை. ஒரு கூட்டின் எடை இரண்டு கிராம் அளவே. கணக்கிட்டால் கிலோவுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். ஒரு சேலைக்கு ஆயிரத்துக்குக் குறையாது.

காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி (1894–1994), பட்டுக்குப் பேர்பெற்ற ஊரில் அமர்ந்துகொண்டே, பட்டை விடுங்கள் என்று தம் அடியார்க்குப் பலமுறை எடுத்துரைத்தார். அவர் பேசிய பிற பலவற்றில் நாம் அவரோடு உடன்படோம். எனினும் இவ்வொரு செய்தியில் தூய்மையின் வாதத்தை இரக்கத்தின் வாதம் வென்றதைக் காண்கிறோம். தூய்மையையே பேசிய ஒரு மரபின் உள்ளிருந்து அது வந்தது என்பது கருதத்தக்கது.

இனிக் கண்ணமங்கலத்துக்கு வருவோம். இங்குப் பட்டு நூலாகவே வந்து சேருகிறது. கூடுகள் கருநாடகத்து இராமநகரம் போன்ற சந்தைகளில் ஏலம்போய், நூற்கப்பட்டு, முறுக்கேற்றி, சாயம் தோய்ந்தபின் பாவும் ஊடையுமாக நெசவாளர் கைக்கு வருகிறது. பெரும்பாலோர்க்குத் தறி சொந்தமாயினும் நூலும் ஜரிகையும் முதலாளியுடையவை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கணவர் தறிக்குழியில் கால் மிதிக்க, மனைவியும் முதியோரும் தார் சுற்றுகின்றனர். புழுவைக் கொன்றவர் இவரல்லர். இலாபத்தின் பெரும்பகுதி பெறுபவரும் இவரல்லர். நகரத்து இளைஞர் ஒருவர் பட்டை வெறுத்துப் பேசும்போது அச்சொல் முதலில் வந்து தைப்பது இக்குழியில் இருப்பவரையே. அதே வேளையில் பட்டுத் தறிக்கு இன்னொரு கறையும் உண்டு. காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களில் குழந்தைகள் கடனுக்கு ஈடாகத் தறியில் கட்டுண்டு கிடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டதை இங்கு நினைவுகூர வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் பட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது: திருவெளிப்பாடு 18:12. பாபிலோனின் வணிகர் இனி விற்க இயலாமற்போன சரக்குகளின் பட்டியல் அது. பொன், வெள்ளி, முத்து, பட்டு என்று தொடங்கி, மாடு, ஆடு, குதிரை என்று இறங்கி, 13ஆம் வசனத்தின் இறுதியில் மனித உடல்களிலும் மனித உயிர்களிலும் வந்து நிற்கிறது. விளக்கவுரையாளர் பலர் அடிமை வணிகத்தை மட்டும் எடுத்துப் பேசிவிட்டு முன்னுள்ள சரக்குகளை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. விலங்கைச் சரக்காகக் காணும் கண்ணே மனிதனையும் சரக்காகக் காண்கிறது என்பதை அப்பட்டியலின் வரிசையே காட்டுகிறது. அடிகளார் பசியையும் கொலையையும் இணைத்துச் சொன்னதற்கு நம் திருமறையில் ஒத்த இடம் தேடுவோர் ஆதியாகமம் 1:29ஐ மட்டும் நாடாமல் இங்கும் வரலாம். ஆதியாகமம் 9:3இன் அனுமதி கட்டளையன்று, சலுகை என்பதையும் மாணவர் மறக்கலாகாது.

'அகிம்சைப் பட்டு' இருக்கிறதே என்பர். ஆந்திரத்துக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜையா என்பவர், பூச்சி வெளியேறியபின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்கும் முறையை 1990களில் வளர்த்தெடுத்தார். குடியரசுத் தலைவர் வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், கொல்லாத பட்டுச் சேலை கிடைக்குமா என்று கேட்டதே அதற்குத் தூண்டுதலாயிற்று என்பர். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் அறுந்த இழையை நூற்பதால் பளபளப்புக் குறைகிறது, விலை ஏறுகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதன் வளர்த்ததால் பறக்கும் ஆற்றல் இழந்த அப்பூச்சியோ உண்ண வாயுமின்றிச் சில நாளில் மடிகிறது. இடும் நூற்றுக்கணக்கான முட்டைகள் எல்லாவற்றுக்கும் இலை தருவார் யார்? பருத்திக்கு மாறலாம் என்றால், பருத்திக் காட்டில் தெளிக்கும் மருந்துக்கு மடியும் பூச்சிகளை யார் எண்ணினர்? கறையற்ற ஆடை என்று ஒன்றைத் தேடிப் போகிறவர் மீண்டும் தீட்டுக்கோட்பாட்டின் வாசலிலேயே வந்து நிற்பார். இரக்கம் கேட்பது கறையின்மையை அன்று, குறைத்தலை.

உணவில் இக்குறைத்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. கேழ்வரகுக் கூழ், கீரை, வேர்க்கடலைத் துவையல், இட்லி, புளிக்குழம்பு என்று ஆரணி வட்டாரத்து ஏழையின் அன்றாட உணவு, தேநீரிலுள்ள பாலை நீக்கினால், பெரும்பாலும் நனிசைவமே. லெந்து நாட்களில் இறைச்சியை விடும் குடும்பங்களும் பல. ஆனால் அங்கு நாம் நம் ஆத்துமாவையே நினைக்கிறோம், ஆட்டை நினைப்பதில்லை. ஐந்து அடைக்கலான் குருவிகளில் இனாமாகக் கொடுக்கப்பட்ட ஐந்தாவதையும் தேவன் மறவார் என்று லூக்கா 12:6 வழியாகப் பிரசங்கிக்கும் நாம், அக்குருவியைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்லாமல் மனிதனின் மதிப்புக்குத் தாவிவிடுகிறோம். லெந்து காலத்து அருளுரைகளில் ஒன்றையேனும் ஐந்தாவது குருவிக்கு ஒதுக்கலாம். வறியோரை அழைத்து ஆண்டுக்கொருமுறை இடும் அன்பின் விருந்தில் கறியை நீக்கச் சொல்வதற்கு நமக்கு மனம் வரவில்லை; அவர்களுக்கு அது ஆண்டின் ஒரே கறிச்சோறாயிருக்கலாம். வசதியுள்ளோர் தம் பிறந்தநாள் பிரியாணியிலிருந்து தொடங்கட்டும்.

பட்டின் காரியம் வேறு. அதனை வாங்குவோர் வசதியுள்ளோரே. நம் ஆலயத் திருமணங்களில் மணமகள் உடுத்துவது பட்டு. உறவினர்க்கும் பட்டு எடுக்கின்றனர். திருமண ஓலை எழுதவரும் குடும்பத்தாரிடம், மணப்பெண்ணுக்கு ஒன்று போதும், மற்றவை கைத்தறிப் பருத்தியாக இருக்கட்டும் என்று ஆயர் பேசலாம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. பட்டை விடுகிறவர் நெசவாளரை விடக்கூடாது. பருத்திச் சேலைக்குக் கிடைக்கும் கூலி பட்டுக்கூலியைவிடக் குறைவு. தறியை மாற்றும் குடும்பத்துக்கு அவ்விழப்பை ஈடுசெய்வது யார் என்ற கேள்விக்கு விடையில்லாமல் நாம் விடுக்கும் அழைப்பு, கண்ணமங்கலத்து நெசவாளரின் செலவில் நாம் தேடும் புண்ணியமாகிவிடும். சபைகள் கூடித் திருமணத் துணிகளுக்கு முன்பணம் கொடுத்து, பட்டுக்குரிய கூலியைப் பருத்திக்கும் தந்து நெய்யச் சொல்வது கடினமன்று. ஆலயங்கள் பத்துச் சேர்ந்தால் ஓராண்டுத் திருமணங்களே ஓரிரு தறிகளுக்கு வேலை தரும்.

இவ்வாறு பேச முன்வரும் ஆயர்கள் அதற்கு முன்னால் தம் ஆலயத்து உடையறையில் உள்ள பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம். பரிசுத்த மேசை விரிப்பும், நாம் தோளில் அணியும் பட்டைத்துணியும் எதனால் நெய்யப்பட்டவை என்று மணவீட்டார் கேட்கக்கூடும்.