அறிக்கையும் வழக்கும்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய வாசகங்கள் இன்று தொழிற்சாலைச் சாப்பாட்டறைகளையும் எட்டிவிட்டன. டோர்செட் பார்க்கில் நான் வேலை செய்யும் இடத்திலும் அப்படியொன்று சுவரில் தொங்குகிறது. அவ்வாசகம் மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் எங்கே போய் முறையிடுவது? சட்டத்தின் பங்கு பற்றிய விவாதம் இக்கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டும்.

விநியோகச் சங்கிலிகளில் கட்டாய உழைப்பையும் சிறுவர் உழைப்பையும் எதிர்ப்பதற்கென கனடா 2023 இல் இயற்றிய சட்டம், 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ளது. இதன்படி பெரிய நிறுவனங்கள் தாம் எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் மே 31க்குள் அறிக்கையாக வெளியிடவேண்டும். அறிக்கை தரத் தவறினாலோ, அதில் பொய்யுரைத்தாலோ 250,000 டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம். ஆனால் தண்டம் அறிக்கையின் குறைக்குத்தான். சங்கிலியின் மறுமுனையில் நடக்கும் கொடுமைக்கு அல்ல. ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று உண்மையாக எழுதிவிடும் நிறுவனமும் இச்சட்டத்தை நிறைவேற்றியதாகிவிடும். பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு வழக்கிடும் உரிமை எதையும் அது வழங்கவில்லை. நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில், தன் விடைத்தாளுக்குத் தானே புள்ளியிட எந்த மாணவனையும் விட்டதில்லை.

இந்த இடைவெளியின் விலை என்னவென்பதை ரானா பிளாசா காட்டியது. 2013 ஏப்ரல் 24 இல் டாக்கா அருகே இடிந்த அக்கட்டடத்தில் 1,100க்கு மேற்பட்டோர் இறந்தனர். லொப்லோவின் ஜோ பிறெஷ் உடுப்புகளும் அங்கே தைக்கப்பட்டன. அந்நிறுவனம் தானாக முன்வந்து நிவாரணம் வழங்கியது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்டோர் ஒன்ராறியோவில் வழக்குத் தொடுத்தபோது, அவர்களுக்கு அந்நிறுவனம் சட்டரீதியாகக் கடமைப்பட்டதல்ல என்றே முடிவாயிற்று. பங்களாதேஷ் சட்டமே பொருந்தும் என்றும், பெரும்பாலானோரின் வழக்குக் காலாவதியாகிவிட்டது என்றும் கூறி 2017 இல் வழக்குத் தள்ளப்பட்டது. 2018 இல் மேன்முறையீடும் தோற்றது. 2019 இல் கனடாவின் அதியுயர் நீதிமன்றம் அதனை விசாரணைக்கு எடுக்கவும் மறுத்துவிட்டது. தருமமாகக் கிடைத்தது உரிமையாகக் கிடைக்கவில்லை.

சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி, அதனிடம் வேறெதை எதிர்பார்க்கலாம் என்று நமது நண்பர்கள் சிலர் கேட்பர். பாதி உண்மையான இக்கூற்றுக்குச் சுன்னாகம் மறுமொழி சொல்கிறது. அங்கு இயங்கிய தனியார் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து கிணறுகளைப் பாழாக்கியது. கிணற்றை விட்டால் வேறு நீரில்லாத குடாநாட்டில் இதன் பொருளை நாம் அறிவோம். 2015 இல் தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அந்நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கடமை தவறிய அரச அமைப்புகளையும் அது கண்டித்தது. தொகை சிறிது, தாமதமோ பெரிது. நமக்கு எவ்வளவோ அநீதி இழைத்த ஓர் அரசின் நீதிமன்றத்தைப் புகழ்வது என் நோக்கமல்ல. ஆயினும் மனுவுக்கு இடமிருந்ததாலேயே நிறுவனம் பதில் சொல்ல நேர்ந்தது.

ரானா பிளாசாவின் பின் பிரான்ஸ் 2017 இல் இயற்றிய சட்டம் பெரும் நிறுவனங்கள்மீது விழிப்புடனிருக்கும் கடமையைச் சுமத்துகிறது. அக்கடமை தவறியதால் தீங்கு நேர்ந்தால் நட்டஈடு கோரவும் இடமளிக்கிறது. கனடாவிலும் நாம் கோரவேண்டியது இதையே. சட்டம் மனச்சாட்சியை உண்டாக்காது என்பது சரி. ஆனால் பாதிக்கப்பட்டவரை வழக்காளியாக்க அதனால் முடியும். அதைச் செய்யாமல் அறிக்கை மட்டும் கேட்கும் சட்டம், சாப்பாட்டறைச் சுவரில் இன்னொரு வாசகத்தையே மாட்டுகிறது. உடன்படாத நண்பர்கள் அடுத்த இதழில் எழுதவேண்டும்.