கம்பளிப் பறவையும் கம்பளிக் கடனும்

கலை கலைக்காகவா, வாழ்வுக்காகவா என்ற பழைய வழக்கை ஒரு சின்னஞ்சிறு கம்பளிப் பறவை நம்முன் மீண்டும் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆட்டு மயிரைப் பொதியாக உருட்டி, முள் வெட்டிய ஊசியால் ஆயிரம் முறை குத்தி இறுக்கிப் பறவைச் சிற்பம் செய்யும் கைவினை இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. இதில் நூலும் இல்லை, பசையும் இல்லை. ஊசியின் முட்கள் மேலிழைகளை உள்ளே இழுத்துச் சென்று ஏனைய இழைகளோடு பின்னிவிடுகின்றன. குத்தக் குத்தப் பொதி உடலாகிறது.

இவ்வூசி பிறந்த இடம் கலைக்கூடமன்று, தொழிற்சாலை. 19ஆம் நூற்றாண்டில், இழைகளை நெய்யாமலே விரிப்பாக்கும் இயந்திரத்துக்காக அது உண்டாயிற்று. 1980களில் அமெரிக்காவின் டேவிட், எலினார் ஸ்டான்வுட் தம்பதியர் போன்ற முன்னோடிகள் அவ்வூசியைத் தனியே கையிலெடுத்த பின்னரே அது சிற்பக் கருவியாயிற்று. இயந்திரத்தின் உறுப்பொன்று மனிதக் கைக்கு மீண்ட இவ்வரலாற்றை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்.

ஆனால் அந்தக் கை என்ன படைக்கிறது? இவ்வகைப் பறவைகளிற் பெரும்பாலானவை உருண்டை வயிறும் பெரிய கண்ணுமாக, எல்லாம் ஓரச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. கொஞ்சத் தூண்டுவதே அவற்றின் நோக்கம். நல்ல சிற்பமோ பறவையை அறிந்திருக்கும். கிளையைப் பற்றும் காலின் பளுவையும், பறக்குமுன் தோளில் ஏறும் இறுக்கத்தையும் காட்டும். மென்மை கம்பளியின் குணம். உயிர் கலைஞன் கண்டறிந்த உண்மையின் குணம். முன்னதைப் பின்னதென மயங்குவது விமர்சனமாகாது.

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈபிடிப்பான் வருகிறது. ஆண் பறவையின் செம்மார்பையும் அதன் கருங்கரையையும் காணத் தொலைதூரத்திலிருந்து மனிதர்கள் வருகிறார்கள். அது புறப்பட்டு வரும் காஷ்மீரத்தில், கம்பளி இழைகளைப் பரப்பி, வெந்நீரும் சவர்க்காரமும் தெளித்து, சுருட்டி உருட்டி 'நம்தா' விரிப்புச் செய்யும் தொழில் வழிவழியாக வாழ்கிறது. பறவைக்குக் குடியுரிமைச் சட்டம் இல்லை. அதைப் போலவே வடக்கேயிருந்து வந்து, ஆனால் திரும்பிப் போகாமல், இம்மலைகளைத் தோட்டங்களாக்கிய மக்களையோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று.

அம்மக்களுக்குக் கம்பளி என்றால் என்ன? காப்பித் தோட்டக் காலந்தொட்டு, மலைக்குளிருக்கெனக் கொடுத்த முரட்டுக் கம்பளியின் விலை தொழிலாளியின் பெயரிற் பற்றெழுதப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. துரைமாரின் ஆங்கிலக் கணக்கேடுகளிலும் அது 'கம்ப்ளி' என்றே ஏறியது. ஒருவர்க்கு ஓய்வுநேர இன்பமான இழை மற்றொருவர்க்குக் கடனாக இருந்தது. இதனை மறந்து கம்பளியின் அழகைப் பேச நம்மால் இயலாது.

இக்கைவினையைத் தோட்டத்துப் பெண்களுக்குக் கற்பிக்கலாமே என்று நல்லெண்ணம் படைத்தோர் கூறுவர். கொழுந்தெடுக்கும் விரல்கள் நுட்பமானவை. ஊசிக்கு ஏற்றவை என்பர். அவ்விரல்களின் நுட்பத்தை நாடு நெடுங்காலமாகப் புகழ்ந்தே வருகிறது. ஆயினும் அவ்விரல்களுக்குரிய நாட்கூலி ஆயிரம் ரூபாவை எட்ட, பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 பிறக்க வேண்டியிருந்தது! புகழ் கூலியாகாது. உருப்படிக்கு இவ்வளவு என விலைபேசி, வேறொருவர் வரைந்த மாதிரியை நூறு முறை குத்தச் சொன்னால், அப்பறவை கலையன்று. முதுகில் ஏற்றிய இரண்டாவது கூடை.

அப்பெண்கள் கலையறியாதவர்கள் அல்லர். மாசி மாதத்தில் காமன் கூத்தை ஆடிக் காத்துவரும் சமூகத்தின் மக்கள் அவர்கள். விடியலில் பிரட்டுக்களத்துக்கு நடக்கையில் எந்தப் பறவை எந்தக் குரலில் எழுகிறது என்பதை, பூங்காவில் ஒரு காலைப்பொழுது நிற்கும் விருந்தினரைவிட அவர்களே நன்கறிவர். நாம் மேலே கேட்ட உண்மை அவர்களிடம் இருக்கிறது. இல்லாதவை ஓய்வுநேரமும், லயத்து அறையில் அமர்ந்து செய்ய வெளிச்சமும் இடமும், தம் படைப்புக்குத் தாமே விலை சொல்லும் உரிமையுமே.

எனவே நம் கோரிக்கை ஊசியோடு நிற்பதில்லை. ஊசியைக் கொடுங்கள், நேரத்தையும் கொடுங்கள். எந்தப் பறவையைச் செய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அன்று பிறக்கும் கம்பளிப் பறவை நம்மைக் கொஞ்ச அழைக்காது. நம்மை நிமிர்ந்து பார்க்கும்.