பிளாக்கை முதலில் கேளுங்கள்

சிலமலையில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்வந்தவர் என் பெரியம்மா. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்றே நினைத்து ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டார். பெருங்குடல் புற்று என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் போயிருந்தது. சேர்த்த இடத்தில் கீமோவோடு செட்டுக்சிமாப் ஊசியும் தொடங்கினார்கள். தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. இரண்டு ஊசி போட்டபிறகு வந்த மரபணு அறிக்கையில் ஒரு வரி: கேராஸ் மாற்றம் உள்ளது. அந்த ஊசி அவருக்கு வேலையே செய்யாது என்று அர்த்தம்.

பம்பு செட்டில் ஸ்டார்ட்டரைத் தாண்டிக் கம்பியை நேராகக் கொடுத்துவிட்டால், ஸ்டார்ட்டரை அணைத்தாலும் மோட்டார் ஓடும். செட்டுக்சிமாப் அணைப்பது செல்லின் வெளிப்புறத்து ஸ்டார்ட்டரை. கேராஸ் உள்ளிட்ட ராஸ் மரபணு மாறியிருந்தால் உள்ளே நேர்க்கம்பி. முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த மாற்றம் உண்டு. 2008இல் வெளியான ஆய்வில், வேறு மருந்துக்கு வழியில்லாதவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். கேராஸ் மாறாதவர்களின் சராசரி ஆயுள் 4.8 மாதத்திலிருந்து 9.5 மாதமானது, மாறியவர்களுக்கு எதுவும் கூடவில்லை. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தச் சோதனை செய்யும் பெரிய உபகாரம், மருந்தைக் காட்டுவதைவிட, வேண்டாத மருந்தைத் தடுப்பதுதான். அதை ஊசிக்குப் பின்னால் செய்தால் சோதனைக்காசும் வீண்.

சோதனைக்குப் போவது ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு. அதில் மெழுகில் உறைந்த பருக்கையளவு சதை. ‘ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிட்டு வாங்க’ என்பார்களே, அந்த பிளாக். சதை ஃபார்மலினில் நாள்கணக்காக ஊறிக் கிடந்திருந்தால் டிஎன்ஏ நைந்துபோய் முடிவே வராமலும் போகலாம். அறிக்கை நல்லபடி வந்தாலும் அதுவே முடிவான தீர்ப்பல்ல. கட்டி வலப்பக்கக் குடலில் இருந்தால், ராஸ் மாறாதபோதும் தொடக்கத்தில் இந்த ஊசியால் பலன் குறைவு. மருந்துக்குக் கேட்ட கட்டியும் சில மாதத்தில் புதிய மாற்றத்தோடு திரும்ப வளரும். பழைய பிளாக்குக்கு அது தெரியாது. பிராஃப் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்துக்கான மருந்துக் கூட்டு 2019 ஆய்வில் ஆயுளை 5.4 மாதத்திலிருந்து 8.4 ஆக்கியது. அந்த மூன்று மாதத்துக்குக் காட்டை விற்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

எல்லோருக்கும் தவறாமல் செய்யவேண்டியது என்று நான் சொல்வது இன்னொன்று: டிஎன்ஏ பழுது நீக்கும் நான்கு புரதங்களுக்கான சாயச் சோதனை. செலவு குறைவு. முற்றிய நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான் இதில் குறை இருப்பவர்கள். ஆனால் அவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, நோய் அடங்கியிருக்கும் காலத்தை கீமோவின் 8.2 மாதத்திலிருந்து 16.5 மாதமாக்கியது. விலைதான் மலை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுக்கு இதே இனத்தைச் சேர்ந்த நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கும் இல்லாமல், 20 மில்லிகிராம் கொடுத்து, ஓராண்டு உயிரோடிருந்தவர்களை நூற்றுக்கு 16இலிருந்து 43 ஆக்கினார்கள். குடல் புற்றுக்கும் அப்படியொரு ஆய்வு இங்கே நடக்கவேண்டும்.

அந்த நான்கு புரதங்களில் குறை இருந்தால் அது பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம். அப்போது பிள்ளைகளுக்கு இள வயதிலேயே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். பெரியம்மாவுக்கு அந்தச் சோதனையை யாரும் எழுதித் தரவில்லை. அவர் போய் ஒரு வருஷமாகிறது. பிளாக் இன்னும் பீரோவில் இருக்கிறது. அவருக்கு மூன்று பெண்கள்; மூத்தவளுக்கு நாற்பத்திரண்டு. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போகிறேன்.